ஏன் நேற்று வரவில்லை?

(முதியோர் தனிமையும் ஊர்க் குழுக்களும் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளைக் கடிந்துகொள்வார்கள்; அல்லது பழைய கூட்டுக் குடும்பத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். இரண்டுக்கும் கைதட்டல் உண்டு. ஆனால் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும் பெரியவருக்கு மறுநாள் காலைப் பொழுது எப்படிப் போகும் என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் விடை இருக்காது. இன்று நான் குடும்பத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கும் அரசுக்கும் நடுவில் இருக்கிற தெரு, ஊர், சங்கம், குழு ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். இவற்றால் முதியவரின் தனிமையைப் போக்க முடியுமா? எந்த வகைக் குழுவால் முடிகிறது, எதனால் முடிவதில்லை?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியவரைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் குழு நல்லது. ஆனால் அவர் ஒருநாள் வராவிட்டால் வேலை நின்றுபோகிற குழுதான் அவருடைய தனிமையைப் போக்குகிறது.

1. கூட இருப்பவர்களும் குறையாத தனிமையும்

தனியாக வாழ்வது ஒன்று. யாரோடும் போக்குவரத்து இல்லாமல் ஒதுங்கிப்போவது இன்னொன்று. தனிமையாக உணர்வது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் திட்டங்கள் பல குறி தவறிப்போகின்றன.

இந்தியாவில் 2017–18இல் நடந்த முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் தனியாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். மற்றவர்கள் துணையோடோ பிள்ளைகளோடோ உறவினரோடோ இருக்கிறார்கள். அப்படியானால் இது சின்னப் பிரச்சினை என்று கடந்துபோகலாமா? மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேரன் பள்ளி முடிந்து நேரே டியூஷனுக்குப் போய்விட, காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை மூன்றாவது மாடியில் தொலைக்காட்சியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியும் அந்தக் கணக்கில் குடும்பத்தோடு வாழ்பவர்தான். “சாப்டீங்களா?”, “மாத்திரை போட்டீங்களா?” என்ற இரண்டு கேள்விகளோடு அவருடைய அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்கிறவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விகளில் அவர் ஒரு பொறுப்பாக இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்பவர் இல்லை, சண்டை போடுபவர் இல்லை, கடன் கேட்பவர்கூட இல்லை.

அமெரிக்கச் சமூகவியலர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நெருக்கமான ஒருவரை இழந்ததால் வருவது ஒன்று. நாலுபேர் வட்டம் இல்லாமல்போவதால் வருவது மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குச் சரிவராது என்பது அவர் கருத்து. ஐம்பது ஆண்டு கூட வாழ்ந்த கணவரையோ மனைவியையோ இழந்தவருக்கு எந்தக் குழுவும் அந்த இடத்தை நிரப்பாது. எனவே குழுக்களால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டாவது வகைத் தனிமை, அதாவது நாலுபேர் இல்லாத தனிமை, குழுக்களால் தீரக்கூடியது. தமிழ்நாட்டில் வேகமாகப் பெருகிவருவதும் அதுதான்.

தனிமை உடலையும் பாதிக்கிறது. ஜூலியான் ஹோல்ட்–லுன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் இறப்புகளுக்குத் தனிமையோடு தொடர்பு இருப்பதாகவும் சொல்கிறது. அதே அறிக்கையில் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும் செய்தி ஒன்று உண்டு. தனிமையை அதிகமாக உணர்பவர்கள் இளைஞர்கள். தொடர்பற்று ஒதுங்கிப்போவது அதிகம் முதியவர்களிடம். இந்த அரங்கின் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பின்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். இதைக் கடைசியில் பயன்படுத்திக்கொள்ளப்போகிறேன்.

2. வசதி வந்தது, ஆள் வருவது நின்றது

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போது 60 வயதுக்கு மேற்பட்டோர் 10.4 விழுக்காடு. ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு, 2031இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று கணித்திருக்கிறது. ஐந்தரைப் பேரில் ஒருவர் மூத்தவர். குடும்ப நலத்திலும் பெண் கல்வியிலும் நாம் அடைந்த வெற்றியின் விளைவு இது. இரண்டு பிள்ளை பெற்றோம், படிக்கவைத்தோம், அவர்கள் படிப்புக்கேற்ற வேலை இருக்கிற ஊருக்குப் போனார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அது மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரும். மாலை நாலு மணிக்குப் பேச ஓர் ஆளை வாங்கித் தராது.

பிள்ளைகள் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பேசாத ஒன்று, வேறு யார் யாரெல்லாம் வருவது நின்றுபோனது என்பது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. நெடுங்காலம் அது மணியார்டராக வந்தது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பாட்டியைக் கூப்பிட்டு, கைநாட்டு வாங்கி, நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். வழியில் சில்லறை பிடித்துக்கொள்கிறவர்கள் பற்றிய புகார்களும் இருந்தன, அதை மறைக்கவேண்டியதில்லை. பணம் இன்று வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. முறைகேடு குறைந்தது. ஆனால் மாதம் ஒருமுறை அந்த வாசலில் ஆள் உயிரோடிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போன ஒருவர் காணாமல்போனார். பால் பாக்கெட் பையில் விழுகிறது, மின்கட்டணம் செல்பேசியில் போகிறது, மளிகை வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொன்றும் நன்மைதான். ஒவ்வொன்றிலும் ஒரு “என்ன ஆயா, சௌக்கியமா?” கழன்றுபோனது.

இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்ட நாடு ஜப்பான். டோக்கியோவுக்கு அருகே மட்சுடோ நகரில் தோகிவாதைரா என்றொரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1960களில் இளம் குடும்பங்களுக்காக எழுந்த அடுக்குமாடிகள்; அந்த இளைஞர்கள் அங்கேயே முதியவர்கள் ஆனார்கள். அங்கே 69 வயதான ஒருவர் தன் வீட்டில் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டார். வாடகையும் மின்சாரக் கட்டணமும் வங்கியிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தன. சேமிப்பு தீர்ந்து வாடகை நின்ற பிறகுதான் கதவைத் தட்டினார்கள். மூன்று ஆண்டுகளாக அவருடைய வங்கிக் கணக்கு ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்தது.

அதன்பின் அந்தக் குடியிருப்போர் சங்கம் விழித்துக்கொண்டது. யாரும் தனியே இறந்துகிடக்கக் கூடாது என்ற இயக்கத்தைத் தொடங்கி, செய்தித்தாள் வாசலில் குவிந்தால், துணி கொடியிலேயே கிடந்தால், உடனே சங்கத்துக்குச் சொல்லப் பழக்கினார்கள். 2007இல் ஒரு சிறு கூடத்தைத் திறந்தார்கள். 100 யென் கொடுத்தால் உள்ளே போய்க் காப்பி குடித்துக்கொண்டு எவ்வளவு நேரமும் உட்காரலாம். அந்த 100 யென்னை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காசு கொடுத்து உள்ளே வருகிறவர் வாடிக்கையாளர். தலை நிமிர்ந்து உட்காருவார். இலவசமாக வருகிறவர் மூன்றாம் நாளே கூச்சப்பட ஆரம்பித்துவிடுவார்.

ஆயினும் ஜப்பான் முழுதுக்கும் அந்தக் கூடம் போதவில்லை. 2024இல் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76,020 பேர் என்றும், அவர்களில் 58,044 பேர் 65 வயதைக் கடந்தவர்கள் என்றும் அந்நாட்டுக் காவல்துறை கணக்கிட்டது. தனிமைக்கென அமைச்சரை 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் நியமித்தன. அமைச்சர் இருப்பது நல்லதுதான். தெருவில் ஆள் இல்லாவிட்டால் அமைச்சர் என்ன செய்வார்?

3. பார்க்கப் போவதா, வரச் சொல்வதா?

2005இல் மிமா கட்டானும் உடன் ஆய்வாளர்களும் முதியோர் தனிமையைப் போக்கும் முயற்சிகள் பற்றிய 30 ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். அவற்றில் பலன் தந்தவை என்று உறுதியானவை பத்து. அந்தப் பத்தில் ஒன்பது, ஏதாவது கற்றுக்கொள்வதோ ஒருவருக்கொருவர் துணைநிற்பதோ நடக்கும் குழுச் செயல்பாடுகள். பலன் தராதவற்றில் பெரும்பாலானவை ஒருவர் மற்றொருவர் வீட்டுக்குப் போய் ஆறுதலும் தகவலும் சொல்லிவிட்டு வரும் வகை.

வாரம் ஒருநாள் ஓர் இளைஞர் வருகிறார். முதியவர் பேசுகிறார், இளைஞர் கேட்கிறார். போகும்போது பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போகிறார். கொடுக்கல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நடக்கிறது. அவர் போனதும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடுகிறது. வாழ்நாள் முழுதும் மொய் எழுதி, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்து, கணக்கு வைத்து உறவாடிய மனிதருக்குத் திருப்பிச் செய்ய வழியில்லாத உறவு பாரம்.

ஆண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘மென்ஸ் ஷெட்’ என்றொரு இயக்கம் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வாவில் 1993இல் ஒரு கொட்டகை. விக்டோரியா மாநிலத்தின் டொங்கலாவில் 1998இல் மற்றொன்று. இன்று அந்நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பிரிட்டன், அயர்லாந்து என்று பரவியிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது? ரம்பம், உளி, இழைப்புளி, பற்றவைக்கும் கருவி. பள்ளிக்கூடத்து உடைந்த பெஞ்சைச் செப்பனிடுகிறார்கள், குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிறார்கள், பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டுகிறார்கள். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதுதான் பேசுவார்கள் என்பது அந்த இயக்கத்தின் அனுபவம். “உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?” என்று கேட்டால் ஓய்வுபெற்ற ஃபிட்டர் எழுந்து போய்விடுவார். “இந்த போல்ட் ஏன் இறங்கமாட்டேங்குது?” என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்தில் மனைவி இறந்த கதைவரை வந்துவிடும். 2010இல் ஆஸ்திரேலிய அரசின் ஆண்கள் நலக் கொள்கையிலேயே இந்தக் கொட்டகைகளுக்கு இடம் கிடைத்தது.

நம் ஊரில் ஆண்களுக்கு டீக்கடை, கோயில் மண்டபம், ஓய்வூதியர் சங்கம், அதிகாலை நடைப்பயிற்சிக் குழு எல்லாம் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. கால் நடக்கும்வரை அவை நல்ல இடங்கள். மூட்டு வலி வந்தவுடன் அவற்றிலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடலாம். வராதவரைத் தேடிப்போகும் கடமை அங்கே யாருக்கும் எழுதிவைக்கப்படவில்லை.

4. அஞ்சு ரூபாய் அபராதம்

பெண்கள் வேறு விதம். நம் கிராமங்களில் மூத்த பெண்களை நாள்தோறும் ஓரிடத்தில் கூட்டிவைத்த பெரிய அமைப்பு எது என்று கேட்டால், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலை என்பேன். தமிழ்நாட்டில் அதன் வேலை நாட்களில் பெரும்பங்கு பெண்களுடையதாக இருந்தது. அவர்களில் கணிசமானோர் அறுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும். ஏரிக்கரையில் மண் குறைவாகத்தான் நகர்ந்தது என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தப் புளியமர நிழலில் தூக்குவாளியைத் திறந்து குழம்பை மாற்றிக்கொண்டு, மருமகள் பெருமையையும் குறையையும் ஒரே மூச்சில் பேசி முடித்த கிழவிகளுக்கு அது கூலி மட்டுமா? “வீட்டுல கிடந்தா கை காலு புடிச்சுக்கும், வாய் துருப்புடிச்சிடும்” என்று அங்கே ஒரு பாட்டி சொன்னார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் ஆய்வு நூல்களில் படித்ததில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் கடலோரங்களில் நிவாரணம் வந்தபோது, படகுக்கும் வலைக்கும் உரியவர்களுக்குக் கிடைத்தது. மீன் விற்றும் கருவாடு காயவைத்தும் பிழைத்த மூத்த பெண்கள் பட்டியலில் பின்னுக்குப் போனார்கள். அப்போது ஹெல்பேஜ் இந்தியா போன்ற அமைப்புகள் முதியோர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கின. இளம்பெண்களின் குழுக்களைப் போலவே சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு, ஊக்குநர் எல்லாம் உண்டு. பின்னர் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமும் முதியோருக்குத் தனிக் குழு அமைக்க விதிகளைத் தளர்த்தியது: மற்றக் குழுக்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றால், இவர்களுக்கு ஐந்து பேர் போதும், ஆண்களும் சேரலாம்.

அந்தக் கடலோரத்தில் இப்படி ஒரு குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். குடியிருப்பின் கடைசி வீட்டுத் திண்ணை. நடுவில் ஒரு தகரப் பெட்டி. ஊக்குநர் அறுபத்தைந்து வயதுக்காரர். எழுதத் தெரியாததால் எட்டாவது படிக்கும் பேத்தி நோட்டு எழுதினாள். பெயர் வாசித்தபோது ஒரு பெயருக்குப் பதில் இல்லை.

“கருவாட்டு ஆயா எங்க?”

“காச்சலாம்.”

“யாரு போய்ப் பாத்தா? மாத்திரை வாங்கியாச்சா? நேத்து ஏன் எங்கிட்ட சொல்லல?”

கேள்வி காய்ச்சலைப் பற்றியதா, சொல்லாமல்விட்டதைப் பற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். கூட்டம் முடியப்போகும் நேரத்தில் அந்த ஆயாவின் பேரன் ஓடிவந்து சேமிப்புப் பணத்தோடு தனியாக ஓர் அஞ்சு ரூபாய் நாணயத்தைப் பெட்டியருகே வைத்தான். “ஆயா அபராதம் குடுக்கச் சொல்லிச்சு.” சொல்லாமல் வராதிருந்தால் அபராதம் என்பது குழுவின் தீர்மானம். காய்ச்சலுக்குத் தள்ளுபடி உண்டு என்று ஊக்குநர் சொல்லியும் பையன் நாணயத்தைத் திரும்ப எடுக்கவில்லை. ஆயா வாங்கிவரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு அந்த அபராதம் விளங்கியது. நீ வராதது எங்களுக்கு நட்டம் என்று பத்துப் பேர் சேர்ந்து எழுதிவைத்த சட்டம் அது. எழுபது வயதில் வேறு எங்கும் தன் வருகைக்கு அந்த மதிப்பு இல்லை. அதை ஏன் அவர் தள்ளுபடி செய்யவிடவேண்டும்? முதியோருக்கான எந்தக் குழுவையும் அளக்க எனக்குக் கிடைத்த அளவுகோலும் அங்கேதான். “நேற்று ஏன் வரவில்லை?” என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறதா? கேட்பது யார் வேலை என்று எழுதிவைத்திருக்கிறார்களா?

5. வரமுடியாதவர்கள்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை எந்தத் திண்ணைக்கு அழைப்பது? இங்கே கேரளத்திடம் கற்கவேண்டும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவப் பணி, சில ஆண்டுகளில் மருத்துவமனையைத் தாண்டியது. நோயாளி இருப்பது வீட்டில். வலி பாதி உடம்பில் என்றால் மீதி, தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற நினைப்பில். மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கக் குழுக்கள் உருவாயின. ஓட்டுநர், ஆசிரியர், இல்லத்தரசி, மாணவர் என்று வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தரக்கூடியவர்கள் பயிற்சி பெற்றார்கள். செவிலியர் புண்ணுக்குக் கட்டுப்போடுவார். தொண்டர் ரேஷன் அரிசி வந்ததா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்ப்பார். செலவுக்குப் பெரும்பணக்காரர்களை நம்பாமல் கடைகளிலும் பேருந்துகளிலும் சிறுகாசு திரட்டினார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்து உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. 2025இல் முதியோருக்கென ஓர் ஆணையம் அமைக்க அம்மாநிலச் சட்டமன்றம் சட்டமும் இயற்றியது.

வீட்டுக்குப் போவதில் பலன் குறைவு என்று சற்றுமுன் சொன்னேனே, இது முரண் இல்லையா? போகிறவர் தனி ஆளாகப் போகாமல் ஒரு குழுவின் பெயரால், ஒரு வேலையோடு, இந்த வாரம் போனால் அடுத்த வாரமும் வருவோம் என்ற உறுதியோடு போகிறார். அதுதான் வேறுபாடு. படுக்கையில் இருப்பவரும் அந்த வட்டத்தில் ஒரு பெயர்.

முதியவரால் கொடுக்கவும் முடியும் என்பதற்கு ஜிம்பாப்வேயைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2006இல் ஹராரே நகரில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தபோது, டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ம்பாரே பகுதியில் மருத்துவமனை வளாகத்து மரப்பெஞ்சுகளில் உட்காரவைத்தார். மனம் நொந்து வருகிறவர்களிடம் பாட்டிமார் பேசினார்கள். பலன் உண்டா என்று முறைப்படி சோதித்து, 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பாட்டிகளிடம் பேசியவர்களின் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. நாம் தனிமையில் வாடுபவர்கள் என்று பட்டியல் போடும் வயதுக்காரர்கள் அங்கே மருந்து தரும் இடத்தில் இருக்கிறார்கள்.

6. எங்கே சறுக்குகிறோம்?

குழு என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்களில் குழுக்களும் சாதி வழியே பிரிகின்றன. ஊர்த் திண்ணையில் காலனிப் பாட்டிக்கு இடம் உண்டா என்று கேட்காமல் ‘கிராமத்து ஒற்றுமை’ என்று பேசுவது பொய். கோயில் மண்டபத்தில் குழு கூடினால் யார் வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கூடும் இடம் பொது இடமாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அடுத்தது, கூச்சம். நெடுநாள் தனிமையில் இருந்தவருக்கு மனிதர்கள் மேல் ஐயம் வந்துவிடுகிறது. கூப்பிட்டால், “நான் எதுக்கு, பாரமா” என்பார். தனிமை போக்கும் முயற்சிகளை 2011இல் தொகுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வு, இந்த நினைப்பை மாற்றும் முயற்சிகளே அதிகப் பலன் தந்தன என்றது. ஆகவே ஒருமுறை அழைத்து, வரவில்லை என்று விட்டுவிடுவது அழைப்பே ஆகாது. அவருக்குத் தெரிந்த ஒரு வேலையின் பெயரைச் சொல்லி அழைக்கவேண்டும்: “ஊறுகாய் பக்குவம் சொல்ல ஆள் இல்ல, வாங்க.”

மூன்றாவது, யாரும் பேசாத சில்லறை விஷயங்கள். கழிப்பறை இல்லாத இடத்துக்கு நீரிழிவு உள்ளவர் வரமாட்டார். மூன்று படி ஏறவேண்டும் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். காது மந்தமானவர் எதிரொலிக்கும் பெரிய கூடத்தில் ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு மறுவாரம் நின்றுவிடுவார். இருட்டிய பின் கூட்டம் வைத்தால் கண்புரை உள்ளவர் வரமாட்டார். இவற்றைச் சரிசெய்யாமல் பொன்னாடை போர்த்தி, கைத்தடி வழங்கி, புகைப்படம் எடுத்துக்கொள்ளும் முதியோர் தின விழாக்கள் அக்டோபர் 1ஆம் தேதியோடு முடிந்துவிடுகின்றன.

7. நம்மிடம் இருப்பதைக் கொண்டு

புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை. இருப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நூலகம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948இல். அந்தச் சட்டத்தால் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஊர்ப்புற நூலகங்கள்வரை கட்டடம் இருக்கிறது. காலையில் நாளிதழுக்காகக் காத்திருக்கும் பெரியவர்கள் ஏற்கெனவே வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுவது, ஊர் வரலாற்றைச் சொல்லி எழுதவைப்பது, மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு அதைவிட மரியாதையான மாலைப்பொழுது எது?

இரண்டாவது, சத்துணவு மையம். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1983இலேயே முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மதியம் பிள்ளைகளோடு பெரியவர்களும் சாப்பிடும் ஏற்பாடு இது. காலப்போக்கில் அந்த வரிசை மெலிந்துவிட்டது. சாப்பிட வந்தவர் கொஞ்ச நேரம் இருந்து கதை சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஒரு மையம் முடிவெடுத்தால் செலவு என்ன?

மூன்றாவது, 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய அன்புச்சோலை பகல்நேர மையங்கள். 25 மையங்கள் ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் மாநிலத்துக்குச் சிறு எண்ணிக்கைதான். ஆனால் அவற்றை நடத்தும் முறையில் முதியவர்களுக்கே பொறுப்பு இருந்தால், சமையல் கணக்கிலிருந்து வருகைப் பதிவேடுவரை அவர்கள் கையில் இருந்தால், பின்னால் வரும் மையங்களுக்கு அவை வழிகாட்டும். தொலைக்காட்சிக்கு முன் நாற்காலி போட்டுவைக்கும் இடமாக மாறினால், வீட்டில் இருந்த தனிமை வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களும் தனிமையில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதைக் குறிப்பிட்டேன். சனிக்கிழமை பிற்பகல் இந்தக் கட்டடத்தின் தரைத்தள அறைகள் பூட்டிக்கிடக்கின்றன. ஓர் அறையைத் திறந்துவையுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பெரியவர்களுக்குச் செல்பேசியில் பணம் அனுப்பவும் மோசடி அழைப்பை அடையாளம் காணவும் கற்றுக்கொடுக்கட்டும். பெரியவர்கள் தையல் இயந்திரத்தையும் மிக்ஸியையும் பழுதுபார்க்கவும், வங்கிக் கடன் பத்திரத்தைப் படிக்கவும், நாலுபேர் முன் பேசவும் கற்றுக்கொடுக்கட்டும். மாதம் பத்து ரூபாய் சந்தா வாங்குங்கள், இலவசம் வேண்டாம். வருகைப் பதிவேடு வையுங்கள். வராதவர் வீட்டுக்கு மறுநாளே போய் வர ஒரு மாணவரையும் ஒரு பெரியவரையும் சேர்த்து அனுப்புங்கள். பின்வரிசைப் பிள்ளை ஒருவன் இரண்டு வாரம் வராவிட்டால் அவனைத் தேடிப் பாட்டி ஒருவர் விடுதிக்குப் போகவேண்டும்.

அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் பேச்சாளருக்குத் தரும் தொகையை இந்த முறை நான் பெற்றுக்கொள்ளப்போவதில்லை. அந்த அறைக்கு நாற்காலிகள் வாங்க முதல் வரவாக அதை வைத்துக்கொள்ளும்படி கல்லூரி முதல்வரைக் கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடி உள்ள நாற்காலிகளாக வாங்குங்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் பிடித்துக்கொண்டு எழவேண்டும். முன்வரிசைப் பெரியவர்களே, உங்களில் கணக்கெழுதத் தெரிந்தவர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் முதல்வரைப் பார்த்துப் பொறுப்பேற்றுக்கொண்டால், வரும் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம்.